இதயத்துக்காகக் காத்திருப்பவர் கட்டிலில்தான் கிடக்க வேண்டுமா?

உடல் உறுப்புகளைத் தானம் தந்து மறைபவர்களின் இறுதிச் சடங்கு இனி அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பர் 23 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அடுத்த சில நாட்களிலேயே அந்த மரியாதையை முதன்முதலாகப் பெற்றவர், தேனி மாவட்டம் சின்னமனூர் பகுதியைச் சேர்ந்த வருவாய்த் துறை ஊழியர் ஒருவர். விபத்தில் சிக்கி மூளைச்சாவு அடைந்த அவருடைய உறுப்புகளைக் குடும்பத்தினர் தானமாகத் தந்தார்கள். மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா.சுப்பிரமணியன் நேரில் வந்து அஞ்சலி செலுத்தினார்.

கொடுத்தவரை எப்படி மதிப்பது என்பதைத் தமிழ்நாடு கற்றுக்கொண்டுவிட்டது. வாங்கிக்கொள்ளக் காத்திருப்பவரை அதுவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதில்தான் நாம் இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கிறோம்.

சின்னமனூரிலிருந்து குமுளி சாலையில் உத்தமபாளையத்தைத் தாண்டினால் அனுமந்தன்பட்டி. அங்கே திராட்சைப் பந்தல் வைத்திருக்கும் நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட யாரையும் சொல்லவில்லை. இப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். முதலில் கவாத்து வேலையின்போது மூச்சு வாங்கியது. பிறகு கால் வீங்கியது. அதன் பிறகு, ராத்திரி படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியதாயிற்று. உத்தமபாளையம், தேனி க.விலக்கு அரசு மருத்துவமனை, மதுரை என்று அலைந்து எக்கோ எடுத்துப் பார்த்ததில், “ஹார்ட் பெருசாயிருக்கு, பம்பிங் இருபதுதான்” என்றார்கள். மாத்திரைகளுக்குப் பிறகும் தேறாததால் மாற்று இதயத்துக்குப் பதிவு செய்யச் சொல்லிச் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்கள். பதிவும் ஆயிற்று. வீடு திரும்பியவருக்கு முன்னறையில் கட்டில் போட்டாகிவிட்டது. “மாமா, நீங்க எந்திரிக்காதீங்க, தண்ணி நான் எடுத்தாரேன்” என்கிறார் மனைவி. தோட்டத்தை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். வந்து பார்க்கிறவர்களெல்லாம் “ஒடம்ப அலட்டிக்காதப்பா” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அன்புக்குக் குறைவில்லை. ஆனால், அந்த அன்பே அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுவை சிகிச்சைக்குத் தகுதியில்லாதவராக ஆக்கிவிடக்கூடும். வீட்டில் யாருக்கும் இது தெரியாது. பல நேரங்களில் ஆஸ்பத்திரியிலும் யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை.

பம்பிங் என்ற அந்த எண்

இதயச் செயலிழப்பு என்றதும் இதயம் நின்றுவிட்டது என்று பதறுகிறவர்கள் இருக்கிறார்கள். மாரடைப்பும் இதுவும் ஒன்று என்று நினைப்பவர்கள் அதைவிட அதிகம். உடலுக்குத் தேவையான ரத்தத்தை இதயத்தால் போதிய அளவு அனுப்ப முடியாத நிலையே செயலிழப்பு. பழைய மாரடைப்பு, கட்டுக்குள் வராத ரத்தக் கொதிப்பு, சிறுவயதில் வாதக் காய்ச்சலால் கெட்டுப்போன வால்வு, வைரஸ் தொற்று, பரம்பரை, மது, சில பெண்களுக்குப் பிரசவத்தை ஒட்டி வரும் இதயத் தசை நோய் என்று காரணங்கள் பல.

நோயாளிகள் மனதில் தைத்துப்போவது அந்தப் ‘பம்பிங்’ எண். இருபத்தைந்து என்று சொன்னால், முக்கால் பங்கு இதயம் செத்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆரோக்கியமான இதயம்கூட ஒரு துடிப்பில் தன்னிடம் உள்ள ரத்தம் முழுவதையும் வெளியே தள்ளுவதில்லை. 55 முதல் 70 சதவீதம் வரைதான் தள்ளும். இன்னொரு விஷயத்தையும் இதய மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள்: பம்பிங் இருபது உள்ளவர் கடைக்கு நடந்து போய்வருவார், முப்பத்தைந்து உள்ளவர் வாசற்படி ஏறவே திணறுவார். எண்ணுக்கும் நடமாட்டத்துக்கும் நேர்க்கோட்டு உறவு கிடையாது. அதனால்தான் மாற்று இதயம் தேவையா என்று முடிவெடுக்கும் மையங்கள் எக்கோவோடு நிற்பதில்லை. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்க்கின்றன. டிரெட்மில்லிலோ சைக்கிளிலோ ஏற்றி, உச்ச உழைப்பின்போது உடல் எவ்வளவு ஆக்ஸிஜன் எடுத்துக்கொள்கிறது என்று அளக்கின்றன. எடைக் கிலோவுக்கு நிமிடத்துக்கு 14 மில்லிக்குக் கீழே போனால் (பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு 12) மாற்று இதயம் பற்றி யோசிக்க வேண்டும் என்பது உலகம் முழுவதும் பின்பற்றப்படும் ஓர் அளவுகோல்.

ஆக, நடையே இந்த நோயின் அளவுகோலாக இருக்கிறது. நம் வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவதும் நடைதான்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு

இதில் குடும்பங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. மருத்துவமே நெடுங்காலம் அப்படித்தான் சொல்லிவந்தது. 1950-கள் வரை மாரடைப்பு வந்தவரை நான்கு முதல் ஆறு வாரங்கள் அசையாமல் படுக்கவைப்பதுதான் உலக வழக்கம். சவரம்கூட மற்றவர்தான் செய்துவிட வேண்டும். பாஸ்டன் நகரில் சாமுவேல் லெவின் என்ற மூத்த மருத்துவரும் அவருடைய இளம் சகா பெர்னார்ட் லௌனும் நோயாளிகளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ‘கொலை செய்கிறீர்கள்’ என்கிற ரீதியில் பயிற்சி மருத்துவர்களே எதிர்த்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பிழைத்தார்கள்; நுரையீரலில் ரத்தக் கட்டி அடைத்து இறப்பதும் குறைந்தது. 1952-ல் அதை ‘நாற்காலி சிகிச்சை’ என்ற பெயரில் எழுதி வெளியிட்டார்கள். (இந்த லௌன் பின்னாளில் அணு ஆயுதத்துக்கு எதிராக மருத்துவர்களைத் திரட்டியவர், அந்த அமைப்புக்கு 1985-ல் அமைதி நோபல் பரிசு கிடைத்தது.)

மாரடைப்புக்கு விலகிய அந்தத் தடை, இதயச் செயலிழப்புக்கு மேலும் முப்பது ஆண்டுகள் நீடித்தது. பலவீனமான இதயத்துக்கு ஓய்வுதான் மருந்து என்ற நினைப்பு அவ்வளவு இயல்பாக இருந்தது. அதை ஆதாரத்தோடு உடைத்த பெரிய ஆய்வு 2009-ல் வெளியானது. அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் நாடுகளில், பம்பிங் 35-க்கும் கீழே இருந்த 2,331 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு முறையான உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியால் ஆபத்து கூடவில்லை. அன்றாட வாழ்க்கையின் தரம் கூடியது. மரணத்தையும் ஆஸ்பத்திரிச் சேர்க்கையையும் அது குறைத்த அளவு சிறியதுதான். அதை ஊதிப் பெரிதாக்க வேண்டியதில்லை. ஆனால், ‘நடந்தால் செத்துப்போவார்’ என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை என்பது அன்றோடு தெளிவாகிவிட்டது.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. இந்த நோயில் வரும் களைப்பு முழுவதும் இதயத்தால் மட்டும் வருவதல்ல; பெரும் பகுதி கால், தொடைத் தசைகளால் வருவது. படுத்தே கிடந்தால் சில வாரங்களில் தசை கரைகிறது. மிஞ்சும் தசையும் தனக்கு வந்துசேரும் ரத்தத்திலிருந்து ஆக்ஸிஜனைச் சரியாக எடுத்துக்கொள்ளும் திறனை இழக்கிறது. மோட்டார் கொஞ்சமாகத் தண்ணீர் இறைக்கும் காலத்தில்தான் வாய்க்காலைச் செதுக்கிச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உடம்புக்கும் அதே கணக்குதான்.

மாற்று இதயத்துக்குப் பதிவு செய்திருப்பவருக்கு இது இன்னும் முக்கியம். பெயர் பட்டியலில் ஏறிவிட்டால் இடம் உறுதி என்று நினைக்கக் கூடாது. சிறுநீரகம் கெட்டால், நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஒரு அளவுக்கு மேல் ஏறினால், தொற்று வந்தால், உடல் எலும்பும் தோலுமாகிவிட்டால், இதயம் கிடைத்தும் வைக்க முடியாமல் போகும். மீண்டும் பீடியைத் தொட்டாலும் மதுவைத் தொட்டாலும் பெயர் நிறுத்திவைக்கப்படும். பத்து மணி நேரம்கூட நீளக்கூடிய அறுவை சிகிச்சை, அதன் பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவு, வாழ்நாள் முழுக்க எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை. இத்தனைக்கும் தாக்குப்பிடிக்கும் உடம்பைக் காத்திருக்கும் மாதங்களில்தான் தயார் செய்ய முடியும். இன்னொரு சாத்தியமும் உண்டு. மருந்தும் நடையும் ஒழுங்காகச் சேர்ந்ததில் இதயம் தேறி, மாற்று இதயமே தேவைப்படாமல் பட்டியலிலிருந்து வெளியே வந்தவர்கள் இருக்கிறார்கள். பிரசவத்தை ஒட்டி வரும் இதயத் தசை நோயில் கணிசமான பெண்கள் ஆறு மாதங்களில் நல்ல அளவு தேறிவிடுகிறார்கள்.

எப்படி நடப்பது? வேகத்துக்கு எளிய அளவு, பேச்சு. நடந்துகொண்டே ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச்சு திக்கினால் வேகம் அதிகம். முதலில் வீட்டுக்குள், பிறகு வாசல், பிறகு தெரு முனை. ஐந்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் கூட்டலாம். சமதரையாக இருக்க வேண்டும். சாப்பிட்ட உடனே கூடாது, வெயிலிலும் கூடாது. நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, படபடப்பு வந்தாலோ அப்படியே நிறுத்தி உட்கார வேண்டும். எடை திடீரென ஏறிய நாளிலும், படுத்திருக்கும்போதே மூச்சு முட்டும் நாளிலும் நடையே வேண்டாம்; அன்று மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். இவ்வளவும் பொதுவான அளவுகள். ஒவ்வொருவருக்கும் உரிய அளவை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் குறித்துத் தர வேண்டும்.

எடை என்றேன். காத்திருக்கும் வீட்டில் இருக்க வேண்டிய மிக முக்கியமான கருவி ஒரு சாதாரண எடைமெஷின். காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடும் முன், தினமும் ஒரே நேரத்தில் ஏறி நின்று எழுதிவைக்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, உடம்பில் கோத்த நீர். கால் வீங்குவதற்கு முன்பே மெஷின் சொல்லிவிடும். அன்றே மாத்திரையைச் சரிசெய்தால், மூச்சு முட்டி நள்ளிரவில் 108-ஐக் கூப்பிட்டு க.விலக்குக்கு ஓடும் நிலை வராமல் தடுக்கலாம்.

உணவு விஷயத்தில் நம் பள்ளத்தாக்குக்கென்றே சில ஆபத்துகள் உண்டு. ‘உப்பைக் குறைங்க’ என்ற அறிவுரை எல்லோரும் கேட்டதுதான். இந்துப்பு என்றால் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது, இந்துப்பும் சோடியம்தான். கடையில் விற்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’ அதைவிட மோசம், அதில் இருப்பது பொட்டாசியம். இதயச் செயலிழப்புக்குத் தரும் முக்கிய மாத்திரைகள் சில, ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. அவற்றைச் சாப்பிடும் ஒருவருக்கு, உடம்புக்குக் குளிர்ச்சி என்று தினம் இரண்டு இளநீரும், தோட்டத்துப் பழம்தானே என்று நாலு வாழைப்பழமும் கொடுத்தால், பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். வாழையும் தென்னையும் சூழ்ந்த ஊரில் இதைச் சொல்ல எனக்கே வருத்தம்தான். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

உப்பையும் இளநீரையும்விட நான் பயப்படுவது மெடிக்கல் ஷாப் வலி மாத்திரைக்கு. தோட்ட வேலை செய்கிற ஊரில் இடுப்பு வலிக்கும் முட்டி வலிக்கும் டைக்ளோஃபெனக், இப்யூபுரூஃபன் வகை மாத்திரையை வாங்கிப் போடுவது அன்றாட வழக்கம். இதயம் பலவீனமானவர்களுக்கு இவை உடம்பில் நீரைத் தேக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாதக்கணக்கில் தேற்றிய உடம்பை ஒரு வாரத்து வலி மாத்திரை கவிழ்த்துவிடும்.

மருந்துகளைப் பொறுத்தவரை இந்தப் பத்தாண்டு நல்ல பத்தாண்டு. பீட்டா பிளாக்கரும் ஸ்பைரோனோலாக்டோனும் பழையவை, மலிவானவை. 2014-ல் சக்யூபிட்ரில்–வால்சார்டான் கூட்டு மாத்திரையும், 2019-ல் சர்க்கரை நோய்க்கென்று வந்த டபாக்ளிஃப்லோசினும் இதயச் செயலிழப்பில் மரணத்தைக் குறைப்பது நிரூபணமாயிற்று. இந்தியாவில் டபாக்ளிஃப்லோசினின் காப்புரிமை 2020-லும், சக்யூபிட்ரில்–வால்சார்டானுடையது 2023-லும் முடிந்து, உள்நாட்டு நிறுவனங்களின் மாத்திரைகள் வந்து விலை இறங்கியது. நான்கும் சேர்ந்தால்தான் முழுப் பலன். ஆனால், ஒன்றிரண்டை மட்டும், அதுவும் தொடக்க அளவிலேயே ஆண்டுக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். அளவைப் படிப்படியாகக் கூட்டுவதற்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாராவது ரத்த அழுத்தம், நாடி, பொட்டாசியம் பார்க்க வேண்டும். அதற்காக மதுரைக்குப் போய்வருவதென்றால் ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் போகும். வழியில் கழிப்பறைக்கு எங்கே போவது என்ற கவலையில் பயணத்தன்று நீர் பிரியும் மாத்திரையை விட்டுவிடுகிறவர்களும் உண்டு, முக்கியமாகப் பெண்கள். மருத்துவரைப் பார்க்கப் போகிற நாளில்தான் நோய் கூடுகிறது!

நம் பக்கத்து நிலவரத்தைத் துல்லியமாகச் சொல்வது திருவனந்தபுரம் இதயச் செயலிழப்புப் பதிவேடு. 2013-ல் அந்த மாவட்டத்து மருத்துவமனைகளில் இந்த நோயோடு சேர்ந்த 1,205 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி வயது 61. மேலை நாட்டு நோயாளிகளைவிட இது ஏறத்தாழ பத்து வயது குறைவு. ஐந்து ஆண்டுக்குள் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டார்கள். பல புற்றுநோய்களைவிட மோசமான கணக்கு இது. ஆனால், புற்றுநோய்க்கு இருக்கும் பயமோ, நிதி திரட்டலோ, விழிப்புணர்வு ஊர்வலமோ இதற்குக் கிடையாது.

சென்னை தூரம், கோட்டயம் பக்கம்

தமிழ்நாட்டின் உறுப்பு தானத் திட்டம் நாட்டுக்கே முன்னோடி என்பதில் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு, போக்குவரத்தை நிறுத்திவைத்து 11 நிமிடத்தில் அவனுடைய இதயத்தைக் கொண்டுசேர்த்தார்கள். அதே ஆண்டில் மாநில அளவிலான திட்டம் தொடங்கியது. 2014-ல் உறுப்பு மாற்று ஆணையம் பிறந்தது. 2023-ல் 178 பேர் மூளைச்சாவுக்குப் பிறகு உறுப்பு தந்தார்கள். அரசு மரியாதை அறிவிக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டில் அது 268 ஆனது. பெருமைப்படத்தக்க எண்கள். அந்த 11 நிமிடத்தை மலையாளத்திலும் தமிழிலும் சினிமாகூட எடுத்துவிட்டார்கள். அந்த நிமிடங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் கழிக்கிற மாதங்களை யாரும் எடுக்கவில்லை.

உறுப்பு தந்தவர்கள் எல்லோரிடமிருந்தும் இதயம் கிடைத்துவிடாது. 2024-ல் நாடு முழுவதும் மூளைச்சாவுக்குப் பின் உறுப்பு தந்தவர்கள் 1,100-க்கும் மேல்; நடந்த இதய மாற்று சுமார் 250. ரத்த வகை பொருந்த வேண்டும், உடல் அளவு பொருந்த வேண்டும், கொடுப்பவரின் இதயம் நல்ல நிலையில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்த இதயத்தைச் சுமார் நான்கு மணி நேரத்துக்குள் பொருத்திவிட வேண்டும். சிறுநீரகத்துக்கு ஒரு நாள்வரை அவகாசம் உண்டு, இதயத்துக்குக் கிடையாது. அதனால் காத்திருப்பவர் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நம் மாநிலத்தில் இதய மாற்று மையங்கள் பெரும்பாலும் இருப்பது சென்னையில். அனுமந்தன்பட்டியிலிருந்து சென்னை ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். போடியிலிருந்து சென்னைக்கு ரயில் 2023 ஜூனில்தான் வந்தது, அதுவும் வாரத்தில் மூன்று நாள். ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தால் என்ன செய்வது? அதனால் குடும்பமே இடம்பெயர்ந்து, மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு காத்திருக்கிறது. தெரிந்த முகம் இல்லாத தெரு, மாடிப்படி, இரைச்சல். ஊரில் வாய்க்கால் ஓரமாக நடந்திருக்கக்கூடியவர் அங்கே அறைக்குள் முடங்குகிறார். அறுவை சிகிச்சைச் செலவுக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். அரசு மருத்துவமனையிலும் இதய மாற்று நடக்கிறது. காத்திருக்கும் மாதங்களின் வாடகைக்கு எந்தத் திட்டம் உண்டு?

வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தால் இன்னொன்று கண்ணில் படும். மேற்கே, குமுளி மலையேறி இறங்கினால் கோட்டயம், அனுமந்தன்பட்டியிலிருந்து ஏறக்குறைய நூற்று நாற்பது கிலோமீட்டர். கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரியில் 2015-லிருந்து இதய மாற்று நடக்கிறது. ஏலத் தோட்டத்துக்கு விடியற்காலையில் ஜீப் ஏறிப் போய் மாலையில் திரும்பும் பெண்களுக்கு அந்த எல்லை அன்றாட வாசல். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீருக்காக இரு மாநிலங்களும் நீதிமன்றத்தில் எவ்வளவு பேசியிருந்தாலும், உழைப்பும் காய்கறியும் தினமும் மலையேறிக்கொண்டுதான் இருக்கின்றன. மாற்று உறுப்புக்குப் பதிவு செய்ய அந்த மாநிலத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2023 பிப்ரவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் நீக்கிவிட்டது. எந்த மாநிலத்திலும் பதிவு செய்துகொள்ளலாம் என்பது இன்றைய கொள்கை. அது காகிதத்தில் நிற்காமல் எல்லையோர மாவட்டங்களுக்கு உண்மையிலேயே பயன்பட வேண்டுமானால், நம் காப்பீட்டு அட்டை அங்கே எதுவரை செல்லும், உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை என்ற வழக்கத்தில் நம் நோயாளி எந்த இடத்தில் நிற்பார் என்பதைத் தமிழ்நாடும் கேரளமும் உட்கார்ந்து எழுத்தில் தீர்க்க வேண்டும். தண்ணீரைவிட எளிதான பேச்சுவார்த்தைதான் இது.

பணம் உள்ளவர்களுக்கு இடைக்கால வழி ஒன்று உண்டு: இதயத்துக்கு உதவியாக உள்ளே பொருத்தும் பம்ப். அமெரிக்கத் துணை அதிபராக இருந்த டிக் செனி 2010 ஜூலையில் அதைப் பொருத்திக்கொண்டு, பேட்டரியை உடம்பில் மாட்டிக்கொண்டு நடமாடியபடியே காத்திருந்து, 2012 மார்ச்சில், 71 வயதில் மாற்று இதயம் பெற்றார். அதன் பிறகு 13 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அவருடைய அரசியல் எனக்கு உவப்பானதல்ல. காத்திருந்த விதம் கவனிக்கத்தக்கது. அந்தக் கருவியின் விலை இங்கே ஒரு குடும்பத்தின் தோட்டம், வீடு, நகை எல்லாவற்றையும் சேர்த்தாலும் எட்டாது என்பதால் அதை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

காத்திருப்பவர்களின் மனதை அரிக்கும் ஒரு கேள்வி உண்டு. “இன்னொருத்தர் சாகணும்னா நாம காத்துக்கிட்டிருக்கோம்?” ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பது மூச்சு முட்டல் மட்டுமல்ல, இதுவும்தான். நேரடியாகவே பதில் சொல்லலாம்: இல்லை. அந்த மரணம் நீங்கள் காத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் நிகழ்வது. தேனி–குமுளி சாலையில் ஹெல்மெட் போடாமல் போகிறவர் ஒவ்வொருவரும் ஹெல்மெட் போட வேண்டும், மூளைச்சாவுகள் குறைய வேண்டும் என்றுதான் எல்லோரும் விரும்ப வேண்டும், காத்திருப்பவரும் உட்பட. அப்படியும் நேர்ந்துவிடும் மரணத்தில், சட்டப்படி மருத்துவர் குழு ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதி செய்த பிறகு, ஒரு குடும்பம் மனமுவந்து கொடுப்பதை வாங்கிக்கொள்வதில் குற்றம் எதுவும் இல்லை. இதை மருத்துவர் ஒருமுறை சொல்லிவிட்டால் போதாது. ஊரில் மரியாதையுள்ள பெரியவரோ, பங்குத்தந்தையோ, பள்ளிவாசல் இமாமோ, ஏற்கெனவே மாற்று இதயத்தோடு வாழ்பவரோ சொன்னால் மனசு கேட்கும். மாற்று உறுப்போடு வாழ்பவர்களுக்கென்று 1978-ல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் தொடங்கிய உலக விளையாட்டுப் போட்டி இன்றும் நடக்கிறது. மாற்று இதயத்தோடு அங்கே ஓடுகிறார்கள், நீந்துகிறார்கள். காத்திருப்பவர் பார்க்க வேண்டிய முகங்கள் அவை.

அரசிடம் புதிதாகப் பெரிய கட்டிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இயன்முறை மருத்துவரும் வீடு தேடி வருகிறார். அவர் பக்கவாதக்காரருக்குக் கை கால் பயிற்சி தருவதைப் போலவே இதயச் செயலிழப்புக்காரருக்கு ஆறு நிமிட நடையை அளந்து, அடுத்த மாதத்துக்கு இவ்வளவு என்று குறித்துக் கொடுக்கலாம். பையில் ஓர் எடைமெஷின் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். மாரடைப்பு வந்தவர்களுக்கு யோகாவை அடிப்படையாகக் கொண்ட மறுவாழ்வுப் பயிற்சி கொடுத்து இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் 3,959 பேரிடம் நடத்திய ஆய்வு 2020-ல் வெளியானது. மறு மாரடைப்போ மரணமோ குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால், பயிற்சி பெற்றவர்கள் பழைய நடமாட்டத்துக்குத் திரும்புவது மேம்பட்டது. விலையுயர்ந்த எந்திரங்கள் இல்லாமலே மறுவாழ்வுப் பயிற்சியை நம் மருத்துவமனைகளில் நடத்த முடியும் என்பதற்கு அது போதுமான சான்று.

2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டம்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைப்பாதை குறித்தார்கள். நல்ல திட்டம், ஆனால் அது திடமானவர்களுக்கானது. இருநூறு மீட்டர் நடந்து, ஒரு திண்ணையில் உட்கார்ந்து, திரும்பி இருநூறு மீட்டர் நடக்க வேண்டியவருக்கு நிழலும், நூறடிக்கு ஒரு பெஞ்சும், பக்கத்தில் ஒரு கழிப்பறையும் போதும். ஒரு பேரூராட்சியால் செய்ய முடியாத காரியமா இது? உத்தமபாளையம் அல்லது கம்பம் அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு நாள் இதயச் செயலிழப்புக்கென்று தனி நேரம், அதில் அளவைக் கூட்டிக் குறைக்கத் தெரிந்த ஒரு செவிலியர், நான்கு மாத்திரைகளும் தடையின்றிக் கிடைக்கும் மருந்தகம், பொட்டாசியம் பார்க்கும் ஆய்வகம். சென்னையில் காத்திருக்கும் வெளியூர்க் குடும்பங்களுக்குக் குறைந்த வாடகையில் தங்குமிடம். கூடவே, ஆண்டுதோறும் உறுப்பு தான நாளான செப்டம்பர் 23 அன்று எத்தனை பேர் கொடுத்தார்கள் என்று அறிவிக்கும்போது, எத்தனை பேர் பட்டியலில் காத்திருந்தபடியே இறந்தார்கள், எத்தனை பேர் உடல் தாங்காமல் நீக்கப்பட்டார்கள், எத்தனை பேர் தேறி வெளியே வந்தார்கள் என்பதையும் சேர்த்து அறிவிக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது ‘என்னென்ன செய்யக் கூடாது’ என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நடக்கலாம், எந்த வீட்டு வேலைகளைச் செய்யலாம், எடை எவ்வளவு ஏறினால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்ற மூன்றையும் கேட்டு, பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.